ஆர்கானிக் முத்திரை, ஜிஎம் எழுத்து: புதிதாக வாங்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்கானிக் பொருள் வாங்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கவலைகளோடு கடைக்குள் போகிறார்கள். பூச்சிமருந்தும் ரசாயன உரமும் ஒன்று, மரபணு மாற்றம் (சுருக்கமாக ஜிஎம்) இன்னொன்று. கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லிவிடுவார்: "எல்லாமே இயற்கைங்க, தைரியமா வாங்கிட்டுப் போங்க." அந்தப் பதிலை நம்பி மாதக்கணக்கில் இரண்டு மடங்கு விலை கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிட்டு, உண்மையில் பார்க்க வேண்டிய பொட்டலத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

படி 1: இரண்டு கவலைகளையும் தனித்தனியாக வையுங்கள்

ஒரு வயலில் மூட்டை மூட்டையாக யூரியா போட்டிருக்கலாம், வாரம் ஒருமுறை மருந்தும் அடித்திருக்கலாம். அதில் விளைந்த கத்தரிக்காயில் மரபணு மாற்றம் துளியும் இருக்காது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் காய், நெல், பருப்பு எல்லாம் இந்த வகைதான். மறுபக்கம், மரபணு மாற்றிய விதையை நட்டு ரசாயனமே போடாமல் வளர்த்தாலும் அது ஆர்கானிக் ஆகாது. இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றின் ஆர்கானிக் விதிகளும் மரபணு மாற்றத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

ஆக, முறையான ஆர்கானிக் சான்று இருந்தால் அது ஜிஎம் விதையில் விளைந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஜிஎம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஆர்கானிக் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இன்னொரு குழப்பம் ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு ரகம், பற்றியது. விதையில்லாத் திராட்சை, உருண்டு திரண்ட பெங்களூர்த் தக்காளி, பச்சை வாழைப்பழம், ஐஆர் 20 நெல் இதையெல்லாம் காட்டி "இது ஜிஎம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. எதுவுமே ஜிஎம் இல்லை. வீரிய ஒட்டு ரகம் என்பது ஒரே இனத்து இரண்டு செடிகளை மகரந்தம் சேர்த்து உண்டாக்குவது. ஜிஎம் என்பது வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் எடுத்துச் செடிக்குள் வைப்பது. பிடி பருத்தியில் வைத்திருப்பது, மண்ணில் வாழும் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பிடி) என்ற பாக்டீரியாவின் மரபணு. அதனால் காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைப் பருத்திச் செடியே தயாரித்துக்கொள்கிறது. இதே பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து தெளிப்பதற்கு ஆர்கானிக் விதிகளில் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியும். தெளித்தது சில நாள் வெயிலில் சிதைந்துபோகும். செடிக்குள் வைத்தது அறுவடை வரை அந்தச் செடியிலேயே இருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

படி 2: நம் நாட்டில் எது ஜிஎம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பட்டியல் மிகச் சின்னது. இந்தியாவில் வணிக அளவில் பயிரிட அனுமதி பெற்ற ஒரே ஜிஎம் பயிர் பருத்தி. 2002-இல் அனுமதி கொடுத்தார்கள். இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான்.

அடுத்ததாக வரவிருந்தது பிடி கத்தரி. மகாராஷ்டிரத்தின் மஹிகோ நிறுவனத்தோடு கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டபிறகு, 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அந்தத் தடை இன்னும் விலகவில்லை. பக்கத்திலுள்ள வங்கதேசத்தில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாதில் திருட்டுத்தனமாகப் பயிரிட்டதைக் கண்டுபிடித்து அழித்ததும் நடந்தது. கடுகில் டிஎம்எச் 11 என்ற ரகத்துக்கு 2022 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புக் கொடுத்தார்கள்.

எனவே காய்கறி வண்டிக்காரரிடம் "இது ஜிஎம் கத்தரிக்காயா?" என்று கேட்க வேண்டியதில்லை. துவரம்பருப்பு, மஞ்சள்தூள், தேன், கல்லுப்பு டப்பாக்களில் "நான்-ஜிஎம்ஓ" (ஜிஎம் இல்லாதது) என்று அச்சடித்துக் கூடுதல் விலை வைத்தால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஜிஎம் துவரை எந்தக் கடையிலும் கிடையாது. உப்பில் மரபணுவே கிடையாது.

படி 3: எண்ணெய்ப் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் ஜிஎம் வர வழி இருக்கிறது என்றால் அது முக்கியமாக எண்ணெய் வழிதான். அதனால் இந்தப் படிக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

பருத்தியை நாம் பஞ்சு என்றே நினைக்கிறோம். பஞ்சைப் பிரித்தபின் மிஞ்சும் கொட்டையை ஆட்டி எடுக்கும் பருத்தி விதை எண்ணெய் சமையல் எண்ணெயாகவே விற்பனையாகிறது. குஜராத் பக்கம் வீட்டுச் சமையலுக்கே அதுதான். நம் பக்கம் பாட்டிலாகக் கண்ணில் படுவது குறைவு. மிக்சர், சிப்ஸ், பிஸ்கட், வனஸ்பதி போன்றவற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வெறுமனே "தாவர எண்ணெய்" என்று போட்டால் போதாது, எந்த எண்ணெய் என்று பெயர் சொல்ல வேண்டும் என்பது லேபிள் விதி. அது நமக்கு உதவி. "காட்டன்சீட்" என்று இருந்தால் அது பெரும்பாலும் பிடி பருத்தியிலிருந்து வந்தது.

சோயா எண்ணெய் அடுத்தது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் நம் சோயா ஜிஎம் இல்லை. ஆனால் சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. அங்கே விளைவது ஏறக்குறைய எல்லாமே ஜிஎம் சோயா. கனடாவிலிருந்து வரும் கனோலா எண்ணெயும் அப்படித்தான். உடலுக்கு நல்லது என்று விலை கூடக் கொடுத்துக் கனோலா வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய், ரேஷன் கடைப் பாமாயில் எதற்கும் சந்தையில் ஜிஎம் பயிர் இல்லை. ஜிஎம் மட்டுமே உங்கள் கவலை என்றால் சாதாரணக் கடலை எண்ணெய் போதும். ஆர்கானிக் விலை கொடுக்கத் தேவையில்லை. ரசாயனமும் கவலை என்றால் மட்டும் மேலே போங்கள். அங்கேயும் ஓர் எச்சரிக்கை: "மரச்செக்கு" என்பது ஆட்டிய விதத்தைச் சொல்கிறது, எள் விளைந்த விதத்தைச் சொல்லவில்லை. மருந்தடித்த எள்ளையும் மரச்செக்கில் ஆட்டலாம்.

மதுரை, விருதுநகர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பருத்திப் பால் அந்தப் பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சுவது. இன்று கிடைக்கும் கொட்டை அநேகமாகப் பிடி பருத்தியின் கொட்டை. தள்ளுவண்டியில் அதற்கு லேபிள் ஏது? நாட்டுப் பருத்தி பயிரிடும் விவசாயிகள் கருங்கண்ணி ரகத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கொட்டை வாங்கி வீட்டில் காய்ச்சிக் குடிக்கலாம்.

படி 4: "ஜிஎம்" என்ற எழுத்தைத் தேடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

ஜிஎம் உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில், மேல்பகுதியில் "ஜிஎம்" என்று ஆங்கில எழுத்தில் போட வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளில் 2012-இல் திருத்தம் வந்தது. 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு பொட்டலமாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அநேகமாக இருக்காது.

2018-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருள்களைச் சோதித்தபோது 32 சதவீதத்தில் ஜிஎம் தடயம் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவை இறக்குமதிப் பொருள்கள். சிலவற்றின் லேபிளில் "ஜிஎம் இல்லை" என்றே எழுதியிருந்தது. இத்தனைக்கும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் ஜிஎம் உணவைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்கிறது.

2020 ஆகஸ்டில் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ ஓர் ஆணை போட்டது. ஆப்பிள், பப்பாளி, மக்காச்சோளம், அரிசி, உருளை உட்பட 24 பயிர்கள் இறக்குமதியாகும்போது, ஜிஎம் இல்லை என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் சான்று கூடவே வர வேண்டும். தற்செயலாகக் கலந்திருந்தால் 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 2021 மார்ச் முதல் இது அமலில் உள்ளது. இது முழுப் பயிருக்கு வைத்த கதவு. அந்தச் சோளத்தை மாவாக்கி, சிரப்பாக்கி, பிஸ்கட்டில் சேர்த்து அனுப்பினால் அந்தக் கதவு வழியாக அது வருவதில்லை.

எண்ணெயில் இன்னொரு சிக்கல் உண்டு. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சாது. சோதனைக்கூடத்தில் கண்டுபிடிப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு நேர்மையான வழி வைத்திருக்கிறது. சோதனையில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஜிஎம் பயிரிலிருந்து எடுத்த எண்ணெய் என்றால் லேபிளில் சொல்ல வேண்டும். விதையிலிருந்து கடை வரை ஆவணங்களைக் கொண்டு அதைப் பின்தொடர்கிறார்கள். தற்செயல் கலப்புக்கு அங்கே 0.9 சதவீத வரம்பு. நம்மிடமும் அப்படிப் பின்தொடர முடியும், செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஜிஎம் உணவு உடம்புக்குக் கெடுதலா என்ற கேள்வி வரும். உலகச் சந்தையில் உள்ள ஜிஎம் உணவுகள் பாதுகாப்பு ஆய்வைக் கடந்து வந்தவை, அவற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து வர வாய்ப்பில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. விதை உரிமை, களைக்கொல்லிப் பயன்பாடு, நாட்டு ரகங்கள் கலந்துபோவது என்று எதிர்த்தரப்புக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. லேபிள் அதற்காகத்தான்.

படி 5: இறக்குமதிப் பொட்டலம் என்றால்

பெரிய கடைகளில் அமெரிக்காவிலிருந்து வரும் கார்ன் ஃபிளேக்ஸ், சாலட் எண்ணெய், சாக்லேட், குழந்தைகள் உணவு நிறையக் கிடைக்கிறது. அந்நாட்டில் விளையும் மக்காச்சோளம், சோயா இரண்டிலும் 90 சதவீதத்துக்கு மேல் ஜிஎம். பொருள் பட்டியலில் கார்ன் சிரப், கார்ன் ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின், சோயா லெசித்தின் ஆகிய பெயர்கள் இருந்தால் கவனியுங்கள். 2022 ஜனவரி முதல் அங்கே ஜிஎம் உணவை "பயோஎன்ஜினியர்டு" என்ற பெயரில் அறிவிப்பது கட்டாயம்; வட்டமான பச்சை முத்திரையாகவும் இருக்கலாம், கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் கட்டமாகவும் இருக்கலாம். அமெரிக்க வேளாண் துறையின் யுஎஸ்டிஏ ஆர்கானிக் முத்திரை இருந்தால் ஜிஎம் கூடாது என்ற விதி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பட்டாம்பூச்சி படம் போட்ட முத்திரை ஒரு தனியார் அமைப்பின் ஜிஎம் சோதனைக்கு மட்டும். ரசாயனம் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆப்பிள் ஸ்டிக்கர் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் தெளிவாக்கிவிடலாம். 3 அல்லது 4-இல் தொடங்கும் நான்கு இலக்க எண் வழக்கமான விளைச்சல். முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் ஆர்கானிக். "8-இல் தொடங்கினால் ஜிஎம்" என்பது மட்டும் வீண் பயம். அப்படி ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைப் பழங்களில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை, 2015-இல் அந்த ஏற்பாட்டையும் கைவிட்டார்கள்.

படி 6: ஆர்கானிக் முத்திரையைச் சரிபாருங்கள்

2017-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ ஆர்கானிக் உணவு விதிகளைக் கொண்டுவந்தது. 2018 ஜூலை முதல் அமல். இதன்படி ஆர்கானிக் என்று லேபிள் ஒட்டி விற்கும் பொருளுக்கு இரண்டில் ஒரு சான்று வேண்டும்.

ஒன்று, வணிக அமைச்சகத்தின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடா நடத்தும் என்பிஓபி என்ற சான்றுத் திட்டம். அங்கீகாரம் பெற்ற ஒரு சான்று நிறுவனம் வந்து நிலத்தையும் பதிவேட்டையும் பார்க்கும். தமிழ்நாட்டில் அரசே நடத்தும் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்தச் சான்று கொடுக்கிறது, தலைமையிடம் கோவை. நெல், காய்கறி போன்ற பயிர்களுக்கு 2 ஆண்டும், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டும் மாற்றக் காலம் உண்டு. ரசாயனத்தை நிறுத்திய அடுத்த மாதமே யாரும் ஆர்கானிக் ஆகிவிட முடியாது.

இரண்டாவது, வேளாண் அமைச்சகத்தின் பிஜிஎஸ் இந்தியா. இதில் ஊர் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிறார்கள். செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிகளுக்கு ஏற்றது. "பிஜிஎஸ் கிரீன்" என்றால் மாற்றத்தில் இருக்கிறது, "பிஜிஎஸ் ஆர்கானிக்" என்றால் மாற்றம் முடிந்தது. கிரீனை மட்டமாக நினைக்காதீர்கள். விளைச்சல் குறைந்து, விலையும் கிடைக்காமல் விவசாயி தவிக்கும் காலம் அதுதான். அந்த நேரத்தில் வாங்குகிறவர் அவருக்குப் பெரிய துணை.

இரண்டுக்கும் பொதுவாக, வட்டத்துக்குள் இலையும் டிக் அடையாளமும் உள்ள "ஜைவிக் பாரத்" முத்திரை இருக்கும். என்பிஓபி பொருளில் "இந்தியா ஆர்கானிக்" முத்திரையும் வரும். கடையில் நின்றுகொண்டு பார்க்க வேண்டியவை இவை: முத்திரை, சான்று நிறுவனத்தின் பெயரும் அங்கீகார எண்ணும், பொட்டலமிட்டவரின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். கடைசி எண் மட்டும் இருந்தால் போதாது. அது சாதாரண முறுக்குப் பொட்டலத்திலும் இருக்கும். அக்மார்க்கும் தரத்துக்குத்தான், ஆர்கானிக்குக்கு இல்லை.

மூட்டையிலிருந்து அள்ளி எடை போட்டுக் கொடுக்கும் கடை என்றால் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் பயிரின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும். உளுந்துக்கு வாங்கிய சான்றைச் சுவரில் மாட்டிவிட்டு அரிசியை விற்பதும் நடக்கிறது. பல பொருள் சேர்ந்த சத்துமாவு, ஊறுகாய் போன்றவற்றில் 95 சதவீதமாவது ஆர்கானிக் பொருள் இருந்தால்தான் முழு ஆர்கானிக் லேபிள் போடலாம்.

"நேச்சுரல்", "பாரம்பரியம்", "நாட்டு", "கிராமத்து" போன்ற சொற்களுக்குப் பின்னால் எந்தச் சான்றும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி ஆகியவற்றை நெல் ஜெயராமன் போன்றவர்கள் பாடுபட்டு மீட்டுத் தந்தார்கள். அந்த ரகங்களையும் யூரியா போட்டு விளைவிக்கலாம், விளைவிக்கிறார்கள். ரகம் பழையது என்பதும் விளைவித்த முறை ஆர்கானிக் என்பதும் வேறு வேறு.

படி 7: முத்திரை இல்லாத விவசாயியிடம் வாங்குவது

தன் நிலத்தில் விளைந்ததை நேராக வீட்டுக்காரரிடம் விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை, விதியே விலக்குக் கொடுக்கிறது. ஆனால் அவர் ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக் கூடாது. என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. நம்பிக்கையை நீங்கள்தான் சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை விவசாயி நேரடியாக விற்கும் இடம். அங்கே விற்பது எல்லாம் ஆர்கானிக் இல்லை. அங்கேயோ வார இயற்கைச் சந்தையிலோ ஒருவரைப் பிடித்து, அவசரமில்லாத நேரத்தில் பேசுங்கள். "அண்ணே, மருந்து நிறுத்தி எத்தனை வருஷம் ஆச்சு? களைக்கு என்ன பண்றீங்க? பக்கத்து வயல்காரர் மருந்தடிச்சா உங்க பக்கம் வராம எப்படிப் பார்த்துக்கிறீங்க?" பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று இயற்கை இடுபொருள்களின் பெயர் மட்டும் சொல்கிறாரா, எந்தப் பயிருக்கு எப்போது கொடுத்தார், எது பலன் தரவில்லை என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். வயலில் நிற்கிறவரிடம் தோற்ற கதையும் இருக்கும். மொத்தச் சந்தையில் வாங்கி விற்கிறவரிடம் எல்லாமே நன்றாக விளைந்திருக்கும், எல்லாக் காயும் எல்லா மாதமும் கிடைக்கும். "ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலைப் பார்க்க வரலாமா?" என்று கடைசியாகக் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் போயும் பாருங்கள்.

படி 8: பால், முட்டை

மாட்டுக்குப் போடும் பருத்திக் கொட்டையும் புண்ணாக்கும் பெரும்பாலும் பிடி பருத்தியிலிருந்து வந்தவை. கோழித் தீவனத்துக்கென 2021-இல் ஜிஎம் சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அந்தத் தீவனம் தின்ற மாட்டின் பாலிலோ கோழி முட்டையிலோ அதைச் சொல்லச் சட்டம் கேட்பதில்லை, ஐரோப்பாவிலும் கேட்பதில்லை. இது பொருட்டு என்று நினைக்கிறவர்களுக்கு ஆர்கானிக் சான்றுள்ள பாலும் முட்டையும்தான் வழி. அதில் தீவனமும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் பால் ஊற்றுகிறவரிடம் தீவனம் பற்றிக் கேளுங்கள். எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 9: லேபிள் பொய் என்று தோன்றினால்

பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முகப்பு, பின்பக்கம், தொகுதி எண், பில் நான்கையும் படமெடுங்கள். சான்று எண் இருந்தால் அந்தச் சான்று நிறுவனத்துக்கு எழுதி, இந்தப் பொருளுக்கு இந்தத் தேதியில் சான்று உண்டா என்று கேளுங்கள். பிறகு எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். முகப்பில் "ஜிஎம்" எழுத்து இல்லாத குறை என்றால் அது பொட்டலப் பொருள் விதியின் கீழும் வருவதால், எடையளவுச் சட்டத்தைப் பார்க்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இன்னொன்றும் வரப்போகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்றின் பெயர் கமலா, மற்றது பூசா டிஎஸ்டி 1. வெளி உயிரின் மரபணு இல்லாமல், உள்ளிருப்பதையே திருத்தியவை இவை. இந்த வகைப் பயிர்களுக்கு 2022-இலேயே ஜிஎம் பயிர்களுக்கான கடுமையான ஒப்புதல் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த அரிசி மூட்டையின் மேல் என்ன எழுத வேண்டும் என்று இப்போதே கேட்டு உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ரகம் கடைக்கு வந்தபிறகு கேட்டால் பருத்திக் கொட்டைக்கு ஆனதுதான் இதற்கும் ஆகும்.